ஆற்றுக்குக் காது வைத்தவர்

கடவுள் உலகத்தைப் படைத்தபோது பக்கத்தில் நின்று அளவெடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருந்தால், அந்த உத்தியோகம் எங்கள் அடிமட்டத்துக்குத்தான் கிடைத்திருக்கும். கிடைத்திருந்தால் மலைகள் இத்தனை கோணலாக இருந்திருக்க மாட்டா. மனிதர்களின் மூக்குகளும் ஓரளவு ஒழுங்காக அமைந்திருக்கும். என்ன செய்வது, மனுசன் பிறக்கப் பிந்திவிட்டார். ஆகவே ஐம்பதுகளின் கடைசியில், கிளிநொச்சியில், குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் படம் கீறுகிற ஓர் அரசாங்கக் கந்தோரில் உட்கார்ந்திருந்தார். கந்தோரின் பெயரைக் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் அங்கிருந்துதான் பென்சன் வருகிறது.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது; அடிமட்டம் என்பது கந்தோர் வைத்த பட்டப்பெயர். சட்டைப் பையில் பேனை இருக்க வேண்டிய இடத்தில், கோடு போடுகிற பன்னிரண்டு அங்குல மர அடிமட்டம் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்தால் நாடியில் இடிக்கும். அதற்காக அவர் குனிவதை நிறுத்தினாரே தவிர அடிமட்டத்தை இடம் மாற்றவில்லை. நான் கிளாக்கராகப் போய்ச் சேர்ந்த முதல் நாளே, என் மேசைக்கும் அவர் மேசைக்கும் இடையில் உள்ள வெளியை அளந்துவிட்டு, "மூண்டடி நாலங்குலம். இதுக்கு மேல கிட்ட வராதேயும், ஐசே. எனக்குக் கை ஆடும்" என்று வரவேற்புரை நிகழ்த்தினார்.

சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் ஒருநாள் உழுந்து வடையைக் கையில் எடுத்தவர், அதைக் கடிக்காமல் அடிமட்டத்தை எடுத்தார்.

"போன மாசம் ஓட்டை அரை அங்குலம். இப்ப முக்கால். என்ன காணும், ஓட்டையைப் பெருப்பிச்சு விக்கிறீரோ?"

கடைக்காரர் அசையவில்லை. "ஓட்டையை நாங்கள் விக்கிறேல்லை, ஐயா. அது சும்மா தாறது. போன மாசத்தை விட இப்ப கூடத் தாறம்."

அடிமட்டம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று வடையைத் தின்றார். நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும் தலை வணங்குகிற மனிதர்.

இதே மனிதரை ஒருமுறை யாழ்ப்பாணத்துக்குப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவரிடம் நான் ஆவலோடு, "பொம்பிளை எப்பிடி, அண்ணை?" என்று கேட்டேன். "வாசல் நிலை நாலு அங்குலம் பதிஞ்சு கிடக்கு, ஐசே. மாரிக்கு வெள்ளம் உள்ளுக்க வரும்" என்றார். இதை அவர் அந்த வீட்டாரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். கலியாணம் அத்தோடு சரி. நாற்பது வயதிலும் குவாட்டர்ஸில் என் பக்கத்து அறையில் தனிக்கட்டை.

எங்கள் எஞ்சினியரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அவரை ஒருவரும் எஞ்சினியர் என்று சொல்வதில்லை. "பெரியவர்" என்றுதான் சொல்வோம். ஆளும் பெரியவர், குரலும் பெரிது. ஆனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். முதுகில் அவருக்குத் தீராத சொறி. கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டுதான் எங்களுக்கு ஏசுவார். குளம், ஆறு பார்க்க வெளியே போகும்போது மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிப் போய்த் தண்ணீரில் இறக்கிவிடுவார். "பெரியவர் வாறார்" என்று பியோன் வாசலில் சொன்னால், இரண்டு பேராவது பின்கதவால் நழுவிவிடுவார்கள்.

அந்தப் பெரியவரின் அறைச் சுவரில் தொங்கியது கனகராயன் ஆற்றின் படம். கீறியவர் அடிமட்டம். கனகராயன்குளப் பக்கத்திலிருந்து காட்டுக்குள்ளால் வடக்கே வந்து இரணைமடுவில் விழுகிற வரை, ஒவ்வொரு வளைவும் நீல மையில் மயிர் பிசகாமல் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மெச்சுவார்கள். வேடிக்கை என்னவென்றால், பதினொரு வருடமாக அந்த ஆற்றைக் கீறியும் பிரதி எடுத்தும் வந்த மனிதர், அதை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. சேர்வேயர்மார் காட்டுக்குப் போய் அளந்து புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். இவர் அதைப் பார்த்துக் கீறுவார். காடு என்றாலே அவருக்குப் பயம். கந்தோர் வளவில் நின்ற வேப்பமரம்தான் அவர் கண்ட காடு.

கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்க, அவர் பாணும் சம்பலும் முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். பாணை அளக்கவும் இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"என்ன அண்ணை, காய்ச்சலோ?"

அவர் ஒரு கடதாசியை என் பக்கம் தள்ளினார். கொழும்புத் தலைமைக் கந்தோரில் தலைமைப் படவரைஞர் பதவி. பெரியவர் இவருடைய பெயரைச் சிபாரிசு செய்திருந்தார். "நான் கீறிய படங்கள் யாவும் என் அறிவுக்கு எட்டியவரை சரியானவை" என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்து வைக்க ஒரு கோடு. மார்கழி முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

"வைச்சுக் குடுங்கோவன். இலங்கையில உங்களை விட்டா ஆர் வைக்கிறது?"

"ஏலாது, ஐசே," என்றார் அடிமட்டம். அவருடைய குரல் அப்படித் தளர்ந்து நான் கேட்டதில்லை. "நான் ஆத்துக்குக் காது வைச்சிட்டன்."

கதை இதுதான். பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்தப் படத்தைக் கீறியபோது, சேர்வேயரின் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. ஒரு கற்பாறைக்கும் ஓர் ஓடை வாய்க்கும் இடைப்பட்ட துண்டு. ஆறு எந்தத் திசையில் போகிறது என்ற விபரம் முழுக்கக் கறையான் வயிற்றில். நீளம் மட்டும் தப்பியிருந்தது. ஆனால் அந்த நீளத்தைப் பாறைக்கும் ஓடைக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் அடங்கவில்லை, மிச்சமாக இருந்தது. அப்போதிருந்த எஞ்சினியரோ பின்னேரம் நாலு மணிக்குப் படம் மேசையில் இருக்க வேண்டும் என்று கத்திக்கொண்டு நின்றிருக்கிறார்.

"மிச்ச நீளத்தை எங்க வைக்கிறது? பொக்கற்றுக்குள்ளயோ வைக்கிறது? கிழக்குப் பக்கமா வளைச்சு வைச்சன். காது மாதிரி வந்திட்டுது. பாக்க வடிவாத்தான் இருந்தது. அதுதான் பிழை. வடிவா இருந்தபடியால் ஒருத்தரும் கேக்கேல்லை. பதினொரு வரியமா எல்லாப் பிரதியிலயும் அந்தக் காது இருக்கு."

"ஒருவேளை உண்மையாவே அப்பிடி வளைவு இருக்கும், அண்ணை."

"இருக்கலாம். இருந்தால் கையெழுத்து வைப்பன். இல்லாட்டி வைக்கமாட்டன். பெரியவரிட்ட எழுதிக் குடுப்பன்."

"எழுதிக் குடுத்தா கொழும்பு போயிடுமே?"

அவர் பாணைப் பார்த்தார். "போயிடும். அங்க ஒரு அறை இருக்காம், ஐசே. இலங்கையில ஓடுற எல்லா ஆத்தின்ர படமும் அந்த அறையில இருக்காம். அதுக்குள்ள ஒருநாள் நிக்கோணும் எண்டுதான் நான் இந்த உத்தியோகத்துக்கே வந்தனான்."

அளந்த சேர்வேயரைக் கேட்கலாம் என்றால் அவர் பென்சன் எடுத்துக்கொண்டு மலாயாவில் மகளோடு போய் இருந்துவிட்டார். கோடையில் என்றால் ஆறு வெறும் மணல், நடந்தே போகலாம். கோடை வரைக்கும் கடதாசி காத்திருக்காது. "தண்ணியாலதான் போகோணும்," என்று அடிமட்டம் முடிவாகச் சொன்னார். "தோணியில இருந்தாக் காடு எங்களைத் தொடாது."

"எங்களை" என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அன்றைக்கே லீவு போட்டு ஊருக்கு ஓடியிருப்பேன்.

எத்தனையோ வகைத் தோணிகள் கரைகளில் கிடக்க, அடிமட்டம் தேர்ந்தெடுத்தது ஒரு பனிநாட்டுத் தோணி. பெரியவர் வீட்டிலிருந்து கழிந்து வந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் அதன் படம் இருந்தது. கயாக் என்று பேர். எஸ்கிமோக்கள் தோலால் செய்து ஏறிப்போவார்களாம். ஏன் இது என்றேன். "இதுக்குத்தான் அளவு போட்டிருக்கு" என்றார்.

தோலுக்கு நாங்கள் எங்கே போவது? கழித்துப்போட்ட ஒரு பழைய கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் தையல் நானாவிடம் போனோம். முல்லைத்தீவுக்காரர். கிளிநொச்சியில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவர். அடிமட்டம் படத்தை விரித்து, பதினாறு அடி நீளம், இருபத்தாறு அங்குல அகலம் என்று சொல்லச் சொல்ல, அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நிதானமாக எழுதிக்கொண்டார்.

"கழுத்து எத்தினை, ஐயா?"

"ரெண்டு. முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு."

"கை?"

"கையில்லை."

"பொக்கற்?"

அடிமட்டம் வெகுநேரம் யோசித்தார். "ஒண்டு வையும். அடிமட்டம் வைக்க."

மூங்கில் கீலத்தில் கூடு கட்டி, அதற்கு இந்தச் சட்டையைப் போட்டு, தார் காய்ச்சிப் பூசினோம். பூசிய தாரில் அரைவாசி எங்கள் மேல்தான். வாய்க்காலில் இறக்கிப் பார்த்த அன்று, வட்டக்கச்சிக் கமக்காரர் வரம்பில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஐயா, இது தோணியோ, இல்லாட்டித் தோணிக்குப் போடுற சட்டையோ?" என்று ஒருவர் கேட்டார். முதல் தடவை மூழ்கியது. இரண்டாவது தடவை கவிழ்ந்தது. மூன்றாவது தடவை மிதந்தது. அடிமட்டம் சந்தோசத்தில் எழுந்து நின்றார், திரும்பவும் கவிழ்ந்தது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு பேரும் நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியாரிடம் வயிற்றோட்டம் என்று கடிதம் வாங்கிக் கந்தோருக்கு அனுப்பிவிட்டு, வட்டக்கச்சி நெல் லொறி ஒன்றில் தோணியை ஏற்றிக்கொண்டு, விடிந்து வெளிச்சம் வருகிற நேரத்தில் மாங்குளத்துக்கு அப்பால் ஒரு பாலத்தடியில் போய் இறங்கினோம். வாடைக்காற்று எலும்பைக் குடைந்தது. அடிமட்டம் கம்பளித் தொப்பியும் காற்சட்டையும் போட்டு, கழுத்தில் டையும் கட்டியிருந்தார். காட்டுக்கு ஏன் டை என்று கேட்டேன். "வேலை விசயமாத்தானே போறம்" என்றார்.

லொறிக்காரர் சொன்னார்: "ஆறு குளத்தில விழுற இடத்துக்குக் கிட்ட மீன்பிடிக்காரரின்ர வாடி இருக்கு. பொழுதுபட முந்தி அதில நிப்பன். நீங்கள் வராட்டி..."

"வராட்டி?"

"வராட்டி நான் வீட்ட போயிடுவன். வேறென்ன செய்யிறது?"

இந்த ஆறுதலோடு ஆற்றில் இறங்கினோம். முன் கழுத்தில் அவர், பின் கழுத்தில் நான். இரண்டு நுனியிலும் பலகை வைத்த துடுப்பு ஆளுக்கு ஒன்று. முதல் வளைவு திரும்பியதும் பாலம் மறைந்தது. லொறிச் சத்தம் மறைந்தது. அதற்குப் பிறகு நான் சொல்லப்போவதை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடமாகவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இரு கரையிலும் மருதமரங்கள். வேர்கள் தண்ணீருக்குள், கிளைகள் தலைக்கு மேலே ஒன்றோடொன்று கோத்தபடி. தண்ணீரிலிருந்து பனிப்புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் வெயில் சின்னச் சின்னக் காசுகளாக விழுந்தது. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஒரு மீன்கொத்தி எங்களுக்கு முன்னே கொஞ்சத் தூரம் பறந்து, ஒரு கிளையில் இருந்து, நாங்கள் கிட்ட வர மறுபடி பறந்து, வழிகாட்டிக்கொண்டே போனது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஓடவில்லை. துணித்தோணிக்கு அவற்றிடம் மரியாதை இல்லைப் போலும். எனக்கு ஊரில் எத்தனையோ கோயில் தெரியும். ஒரு கோயிலிலும் நான் அப்படி வாய் பொத்தி இருந்ததில்லை.

அடிமட்டம் தொடக்கத்தில், "அகலம் நாப்பதடி... இதில முப்பத்தஞ்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். மடியில் அவருடைய படத்தின் பிரதி இருந்தது. வளைவு வர வர விரலால் தடவிப் பார்த்தார். "இடது பக்கம் திரும்பும் பாரும்" என்பார், ஆறும் இவர் சொல்வழி கேட்டு இடது பக்கம் திரும்பும். நாலைந்து வளைவுக்குப் பிறகு அவர் அளவு சொல்வதை நிறுத்திவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். மனிதர் படத்தைப் பார்க்கவில்லை, மேலே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐசே, கிளாக்கர்."

"என்ன அண்ணை?"

"இதையோ நான் கீறினனான்?"

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்திக் கற்பாறை வந்தது. அந்தப் பாறையைத் தாண்டினால் காது. அடிமட்டம் அடிமட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில், கரையில் நின்ற ஒரு பாலைமரத்தின் மேலிருந்து ஒரு குரல் மெல்லக் கூப்பிட்டது.

"ஐயாமார்! சத்தம் போடாதேங்கோ!"

அண்ணாந்தோம். எருமை தேடி வந்த ஒரு மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கவட்டுக்கிளையில் இருந்தார்.

"கீழ பெரியவர் நிக்கிறார்."

என் கையில் துடுப்பு நின்றுவிட்டது. வயிற்றோட்டக் கடிதம் கண்முன்னால் வந்தது.

"ஆர், பெரியவரோ?" என்றார் அடிமட்டம்.

"ஓம். விடியவே வந்திட்டார்."

"அதுக்கு நீர் ஏன் காணும் மரத்தில இருக்கிறீர்?"

"பெரியவர் நிக்கிறார் எண்டுதான்."

அடிமட்டம் தலையை ஆட்டினார். "நியாயம்."

"தனியவோ நிக்கிறார்?" என்று நான் கேட்டேன்.

"அவர் தனியத்தான். பொம்பிளையளும் சின்னனுகளும் அங்கால தண்ணிக்க நிக்கினம்."

"மாமியையும் கூட்டிக்கொண்டு வந்திட்டார்," என்று அடிமட்டம் என்னிடம் முணுமுணுத்தார். பிறகு மரத்தைப் பார்த்து, "கோவமா நிக்கிறாரோ?"

"இப்ப கோவமில்லை, ஐயா. மரத்தில முதுகைத் தேய்ச்சுக்கொண்டு நிக்கிறார்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

"எங்களை அவருக்குத் தெரியுமோ?"

"இன்னும் தெரியாது. ஆனா மணம் பிடிச்சிட்டாரெண்டா விடமாட்டார்."

"அந்த மெடிக்கல் கடிதம் மணக்குது எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்றார் அடிமட்டம்.

நான் திரும்பிப் போவோம் என்று கெஞ்சினேன். நீரோட்டத்தை எதிர்த்து வலிக்க எங்களிடம் பலம் இல்லை என்பது வேறு கதை. அடிமட்டமோ நிமிர்ந்து இருந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றி, ஆற்றுத் தண்ணீரைத் தொட்டுத் தலைமயிரைப் படிய வாரினார். டையை இறுக்கினார்.

"கிளாக்கர், இது நல்லதுக்குத்தான். காது இருக்கிற இடத்திலயே பெரியவரும் நிக்கிறார். காது இல்லையெண்டால் இதிலயே, இப்பவே சொல்லிப்போடுவன். நீர் தலையைக் குனிஞ்சுகொண்டு இரும். உம்மை நான் காட்டிக் குடுக்கமாட்டன்."

தோணி தன்பாட்டில் பாறையைச் சுற்றிப் போனது. அவர் பிழையை ஒப்புக்கொள்ளப் போகிற ஆளின் அடக்கத்தோடு தலையைத் தாழ்த்திக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். ஆகவே முதலில் பார்த்தது நான்தான்.

ஆறு நேராகப் போனது. ஒரு வளைவும் இல்லை. பாறையிலிருந்து ஓடை வாய் வரைக்கும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியது போல நேர். அந்த நேர்கோட்டின் இடது கரையில், தண்ணீரில் கால் வைத்தபடி, ஒரு மருதமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது யானை. கொம்பில்லாத ஆண்யானை, அலியன் என்பார்கள். மரம் முழுக்க ஆடி இலை கொட்டிக்கொண்டிருந்தது.

வன்னிக் காட்டுக்குள் யானையை யானை என்று எவரும் சொல்லமாட்டார்கள் என்பது யாழ்ப்பாணத்துக் கிளாக்கருக்கு எப்படித் தெரியும்? பேர் சொன்னால் கூப்பிட்ட மாதிரி, வந்துவிடுமாம். பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். எங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெரியவரைத்தான் தெரிந்திருந்தது.

அவர் முதுகைத் தட்டத் துடுப்பைத் தூக்கினேன், அதற்குள் தோணி கிட்டப் போய்விட்டது. அடிமட்டம் தலை குனிந்தபடியே, தெளிவாக, கந்தோர்க் குரலில் சொன்னார்:

"குட் மோனிங், சேர்."

பிறகு தலையை நிமிர்த்தினார்.

யானை முதுகு தேய்ப்பதை நிறுத்திவிட்டது. இரண்டு காதையும் விரித்தது. ஆற்றுக்கு அவர் வைத்த காது அங்கே இருக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு காதும் ஆற்றின் பாதியை மறைத்தன. நான் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கிளையை எட்டிப் பிடித்தேன். தோணி நின்றது. யானைக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தூரத்தை நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். அது மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அதன் கண் சின்னதாக, ஈரமாக, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயத்தையும் தாண்டி எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் நான் செய்ய எதுவுமே இல்லை என்ற நிம்மதி.

அடிமட்டத்தின் கையிலிருந்து அடிமட்டம் நழுவியது. மிதந்து மிதந்து போய் யானையின் முன்காலில் தட்டி நின்றது. யானை தும்பிக்கையை இறக்கி, நுனியால் அதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்லத் தடவிப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பன்னிரண்டு அங்குலத்தையும் சரிபார்த்தது. பிறகு விட்டுவிட்டது. அடிமட்டம் ஆற்றோடு போனது.

அங்கால தண்ணீரில் ஆறேழு பெண்யானைகளும் இரண்டு குட்டிகளும். ஒரு குட்டி சேற்றில் சறுக்கி விழுந்து, எழுந்து, வேண்டுமென்றே திரும்பவும் விழுந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. கடைசியில் தாய்கள் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு கரையேறின. பெரியவர் கடைசியாக எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆற்றைக் குறுக்கே கடந்து, பின்னால் போனார். காடு மூடிக்கொண்டது. ஒரு சுள்ளி முறியவில்லை.

"அவ்வளவு பெரிய ஆள்," என்றார் அடிமட்டம். அவருடைய கன்னம் நனைந்திருந்தது. "ஒரு சத்தமும் இல்லை, ஐசே."

அதற்குப் பிறகு பின்னேரம் வரை துடுப்புப் போட்டோம். மரங்கள் விலகி, இரணைமடு கடல்போல விரிந்து, அதில் மஞ்சள் வெயில் கிடந்ததைக் கண்டபோது அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கிளாக்கர், அந்த இடத்தில ஆறு வளைஞ்சதோ? நான் கவனிக்கேல்லை. நான் அவரைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

கொழும்பில் எல்லா ஆறும் இருக்கிற அந்த அறையை நினைத்தேன்.

"ஓம் அண்ணை," என்றேன். "நல்லா வளைஞ்சது. கிழக்குப் பக்கமா. அப்பிடியே காது மாதிரி."

"அப்பிடியோ. சந்தோசம்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. லொறிக்காரர் வாடியில் நின்று பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நான் கந்தோருக்குப் போனபோது அவர் மேசையில் இல்லை. பெரியவரின் அறைக்குள் இருக்கிறார் என்று பியோன் கண்ணைக் காட்டினான். மேசையில் ஆற்றின் மூலப்படம் விரித்திருந்தது. பிளேட்டால் பக்குவமாகச் சுரண்டிக் காதை எடுத்துவிட்டு, பாறையிலிருந்து ஓடை வாய் வரைக்கும் நேராக ஒரு நீலக் கோடு போட்டிருந்தது. மூலையில் சின்ன எழுத்தில், "திருத்தப்பட்டது. நேரில் கண்டது." பக்கத்தில் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் பிரதி. மிச்ச நீளத்தின் மர்மத்தையும் மனிதர் கண்டுபிடித்துவிட்டார். பழைய புத்தகத்தை எடுத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார். நீளத்தில் சேர்வேயர் எழுதியிருந்த ஒன்று என்ற இலக்கத்தை, ஏழு என்று வாசித்திருக்கிறார். "பிழை என்னுடையது" என்று முடித்திருந்தார். கடிதம் முழுக்க "நான் போனேன், நான் கண்டேன்." நாங்கள் என்று ஓர் இடத்திலும் இல்லை.

உள்ளே பெரியவரின் குரல் கூரையைத் தூக்கியது. "வயித்தோட்டத்தோடயோ ஆத்துக்குப் போனனீர்?"

"அதுவும் ஓட்டம்தானே, சேர்," என்றது அடிமட்டத்தின் குரல்.

வெளியே வந்தவரை நான் மறித்தேன். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நீங்கள் பாத்தனீங்கள்! நேராப் போனது உங்களுக்குத் தெரியும். பிறகேன் என்னட்டக் கேட்டனீங்கள்?"

"உம்மை ஒருக்கா அளந்து பாத்தனான், ஐசே. எனக்காகப் பொய் சொல்லுவீரோ எண்டு."

"எவ்வளவு வந்தது?"

அவருடைய கை சட்டைப் பையைத் தொட்டது. பை வெறுமையாக இருந்தது.

"என்னண்டு சொல்லுறது? அடிமட்டம் ஆத்தோட போயிட்டுதே."

கொழும்புப் பதவி வேறொருவருக்குப் போனது. அந்த ஆளும் நல்லாய்த்தான் கீறினார் என்று கேள்வி. எங்கள் அடிமட்டம் புது அடிமட்டம் ஒன்று வாங்கி, மேலும் ஆறு வருடம், மூன்றடி நாலங்குலம் தள்ளி என் பக்கத்து மேசையில் இருந்தார். அது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எத்தனை அங்குலம் என்று கேட்டிருப்பார்.